வாய் திறவாத மூன்று குழந்தைகள்

பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலை வேளையில் நடக்கும் பிரார்த்தனைக் கூட்டத்தை வாசகர்களில் பலர் தங்கள் பிள்ளைப் பிராயத்தோடு மறந்து விட்டிருப்பார்கள். நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு அந்த மறதி வாய்ப்பதில்லை. இருபது வருஷங்களுக்கு மேலாக, மழை பெய்யாத ஒவ்வொரு நாளும், வேப்பமர நிழல் எட்டாத ஒரு மூலையில் நின்றுகொண்டு, நூற்றுக் கணக்கான குழந்தைகள் கோணல் வரிசையில் நெளிவதையும், மணி அடித்ததும் ஒரே முதுகெலும்பு உடையவர்கள் போல் நிமிர்வதையும் பார்த்து வருகிறோம். தேசீய கீதத்தைப் பாடி முடிக்க 52 விநாடி ஆகும் என்பது சர்க்கார் கணக்கு. நமது பள்ளியில் அது சில நாட்களில் 45 விநாடியிலேயே முடிந்து விடும். வெயிலைப் பொறுத்த விஷயம் அது.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, பள்ளி திறந்த புதிதில், எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பத்து நாள் கழித்து நமது தேகப்பயிற்சி ஆசிரியர் அவனுடைய தோளைப் பற்றி நம்மிடம் அழைத்து வந்தார். அவர் தங்கமான மனிதர். ஊர்க் குழந்தைகளை ஓடவும் நீந்தவும் கற்பித்தே தலை நரைத்தவர்.

"இவன் உங்கள் வகுப்புப் பையன்தானே? தேசீய கீதம் பாடுகிறபோது இவன் வாயைத் திறப்பதில்லை. பத்து நாளாகக் கவனிக்கிறேன். உதடுகூட அசைவதில்லை!" என்றார்.

பையனை விசாரித்தோம். அவன் பயந்திருந்தான், ஆனால் பதில் தடுமாறவில்லை. "எல்லாரோடும் எழுந்து நிற்கிறேன், ஸார். சத்தம் போடுவதில்லை. எங்கள் வீட்டில் கடவுளைத் தவிர வேறெதையும் போற்றிப் பாடுவதில்லை" என்றான்.

இரண்டு தரப்பையும் சமாதானம் செய்து அனுப்பிவிட வேண்டும் என்ற ஆவலில் நாம் ஒரு யோசனை சொன்னோம். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "அதனால் என்னப்பா? குரல் கொடுக்க வேண்டாம். உதட்டை மட்டும் அசைத்துவிடு. யாருக்குத் தெரியப் போகிறது?" என்றோம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அது பொய் இல்லையா, ஸார்?" என்று கேட்டான்.

அந்த வாரம் நாம் அவனுடைய வகுப்பில் நடத்திக் கொண்டிருந்த பாடம் திருக்குறளில் வாய்மை அதிகாரம்!

அன்று மாலை வீடு திரும்பியதும், வெகு நாளாகப் பெயர் மட்டும் கேட்டிருந்த ஒரு கோர்ட்டுத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தோம். சட்டம் படித்தவர்கள் அதை "பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள ராஜ்யம்" என்ற பெயரால் அறிவார்கள். சட்டம் படிக்காதவர்களும், முக்கியமாகப் பள்ளிக்குப் போகும் குழந்தைகளை உடைய குடும்பத்தினரும், அறிந்திருக்க வேண்டிய கதை அது.

கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவில் கிடங்கூர் என்று ஓர் ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஓர் அண்ணனும் இரு தங்கைகளும் படித்து வந்தார்கள். அண்ணன் பத்தாம் வகுப்பு. தங்கைகள் ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும். அவர்களுடைய குடும்பம் "யெகோவாவின் சாட்சிகள்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. உலகத்தில் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அந்தப் பிரிவினர் அந்த நாட்டின் கீதத்தைப் பாடுவதில்லை. கொடிக்கு வணக்கம் செலுத்துவதுமில்லை. இது ஒரு நாட்டின் மேல் உள்ள பகையினால் அல்ல. தொழுகைக்குரியது கடவுள் ஒன்றே என்றும், மற்றவை எல்லாம் அதற்குப் புறம்பு என்றும் அவர்கள் நம்புகிறார்கள். நமக்கு அந்த நம்பிக்கை விசித்திரமாகத் தோன்றலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அக் குழந்தைகள் தினந்தோறும் காலையில் மற்றவர்களோடு வரிசையில் வந்து நிற்பார்கள். கீதம் ஆரம்பித்ததும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அவர்களுக்கு முன்பு அதே பள்ளியில் படித்த அவர்களுடைய மூத்த சகோதரிகளும் அப்படித்தான் நின்றார்கள். வருஷக் கணக்கில் இது நடந்து வந்தது. யாருக்கும் இதில் குறை தோன்றவில்லை.

1985-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் இதைக் கவனித்தார். குழந்தைகள் பாடாதது தேசபக்திக்கு விரோதம் என்று அவருக்குப் பட்டது. சட்டசபையில் கேள்வி கேட்டார். சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தார்கள். கமிஷன் விசாரித்து என்ன சொல்லிற்று தெரியுமா? இந்தக் குழந்தைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், தேசீய கீதத்துக்கு இவர்கள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று சொல்லிற்று.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கல்வி இலாகா அதிகாரியின் உத்தரவுப்படி, 1985 ஜூலை 26-ஆம் தேதி முதல் மூன்று குழந்தைகளையும் தலைமை உபாத்தியாயினி பள்ளியிலிருந்து நீக்கினார். சர்க்காரிடமிருந்து முடிவான உத்தரவு வரும்வரையிலாவது அவர்களைப் பள்ளிக்கு வர அனுமதியுங்கள் என்று தகப்பனார் போய்க் கேட்டுக் கொண்டார். தம்மால் ஒன்றும் செய்ய முடியாத நிலைமையை அந்த அம்மாள் தெரிவித்தார். இந்த இடத்தைப் படித்தபோது நாம் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. மேலதிகாரியின் காகிதத்துக்கும் எதிரே நிற்கும் குழந்தைக்கும் நடுவில் அகப்பட்டுக் கொள்வது எப்படியிருக்கும் என்பதை நமது தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

தகப்பனார் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். முதலில் தனி நீதிபதியும், பிறகு இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஹைகோர்ட்டார் தேசீய கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து பார்த்தார்கள். எந்த மதத்தினருடைய மனத்தையும் புண்படுத்தக் கூடிய சொல் அதில் ஒன்றும் இல்லை என்று கண்டார்கள். அது உண்மைதான். வங்கத்தின் கவி ரவீந்திரநாதர் இயற்றி, 1911 டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸ் மகாசபையில் முதன்முதலாகப் பாடப்பட்ட அந்தக் கீதத்தில், நாம் வழக்கமாகப் பாடுவது முதல் அடுக்கு மாத்திரமே. பாடாமல் விடும் இரண்டாவது அடுக்கில் ஹிந்து, பௌத்தர், சீக்கியர், ஜைனர், பார்ஸி, முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய எல்லாரையும் கவி பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். இத்தனை பேருக்கும் இடம் கொடுத்த பாட்டைப் பாடவில்லை என்பதற்காக மூன்று குழந்தைகளுக்குப் பள்ளியில் இடமில்லாமற் போனது விந்தைதான்.

ஆனால் குழந்தைகள் சொற்களில் குற்றம் காணவே இல்லையே! எந்தத் தேசத்தின் கீதத்தையும் பாடுவதில்லை என்பதல்லவா அவர்களுடைய விரதம்? இதைத்தான் சுப்ரீம் கோர்ட் சுட்டிக் காட்டிற்று. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் 1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி தீர்ப்புக் கூறினார்கள். அதாவது சுதந்திர தினத்துக்கு நான்கு நாள் முந்தி.

தீர்ப்பை எழுதியவர் சின்னப்ப ரெட்டி. சட்டப் புத்தகத்து வறட்சி அதில் இல்லை. முதலில் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி மிகவும் சாதாரணமானது: தேசீய கீதத்தைப் பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமாவது சொல்லுகிறதா? 1971-ஆம் வருஷத்துத் தேசீய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவருக்கும், பாடும் கூட்டத்தில் கலகம் விளைவிப்பவருக்கும் மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனை என்று அது கூறுகிறது. வாய்மூடி நிற்பவர் யாரைத் தடுத்தார்? எந்தக் கலகத்தை விளைவித்தார்? கல்வி இலாகா காட்டிய ஆதாரங்களோ இரண்டு சுற்றறிக்கைகள். ஒன்று 1961-இல் வந்தது, மற்றொன்று 1970-இல் வந்தது. இலாகாவின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. பேச்சுரிமையையும் மனச்சாட்சி உரிமையையும் அதைக் கொண்டு கட்டுப்படுத்த முடியாது என்றார் நீதிபதி. பேச உரிமை என்றால் பேசாமலிருக்கவும் உரிமை உண்டு என்பது இதிலிருந்து தானே பிறக்கிறது. தேசீய கீதத்தை மதிப்பது பிரஜையின் கடமை என்று அரசியல் சாஸனத்தில் 1976-இல் சேர்த்த பகுதி சொல்கிறதே என்றால், எழுந்து மரியாதையாக நிற்பதே மதிப்பு. கூடச் சேர்ந்து பாடாததை அவமதிப்பு என்பது சரியல்ல என்று முடிவு செய்தார்.

அடுத்தபடியாக அவர் சொன்ன விஷயம் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒருவருடைய மத நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறதா என்பது கேள்வியே அல்ல. அவர் அதை உண்மையாக, மனச்சாட்சியோடு கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவின் பிரதம நீதிபதி லாதம், 1943-இல் இதே யெகோவாவின் சாட்சிகள் சம்பந்தமான ஒரு வழக்கில் கூறியதையும் அவர் எடுத்துக் காட்டினார். பெரும்பான்மையோருடைய மதம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். சட்டத்தின் காப்பு வேண்டியது சிறுபான்மையோருக்கு, அதிலும் பிறருக்குப் பிடிக்காத சிறுபான்மையோருக்கு என்பது லாதமுடைய கருத்து. 'பிறருக்குப் பிடிக்காத' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நமக்குப் பிடித்தவர்களைச் சகித்துக்கொள்வதற்குச் சகிப்புத்தன்மை எதற்கு?

குழந்தைகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, இடையூறில்லாமல் படிக்க வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் கடந்து விட்டது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒரு வருஷம் என்றால் என்ன என்பதைத் தாய் தகப்பன்மாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டு வழக்குகள் வருகின்றன. அவற்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏனென்றால், குழந்தைகள் தோற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதை இந்தியா பார்க்க நேரவில்லை, அமெரிக்கா பார்த்தது.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் மைனர்ஸ்வில் என்பது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஒரு சிற்றூர். 1935-ஆம் வருஷத்தில் அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அவளுடைய பத்து வயதுத் தம்பியும் பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லருக்குக் கை தூக்க மறுத்ததற்காக அதே மதப் பிரிவினர் சிறைக் கூடங்களுக்கும் முகாம்களுக்கும் அனுப்பப்பட்டு வந்தார்கள். முகாம்களில் அவர்களுக்கு ஊதா நிற முக்கோணச் சின்னம் தைத்திருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளிலும் அப்போது கொடிக்கு வலக்கையை நீட்டித்தான் வணக்கம் செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நாஜி வணக்கத்துக்கும் அதற்கும் பேதம் தெரியாது! 1942 டிசம்பரில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த வழக்கத்தை மாற்றி, நெஞ்சில் கை வைக்கும் முறையைச் சட்டமாக்கிற்று.

மைனர்ஸ்வில் குழந்தைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களுடைய தகப்பனார் மளிகைக் கடைக்காரர். ஊரார் அந்தக் கடையைப் பகிஷ்கரித்தார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 1940 ஜூன் 3-ஆம் தேதி எட்டு நீதிபதிகள் பள்ளிக்கூடத்தின் பக்கமும், ஸ்டோன் என்ற ஒரே நீதிபதி குழந்தைகள் பக்கமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிராங்க்பர்ட்டர் கொடுங்கோலர் அல்ல. வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா வந்து, அந்நாட்டுப் பள்ளிக்கூடத்தால் மனிதரானவர். பல தேசத்தாரையும் ஒரு தேசத்தாராக்கும் சக்தி பள்ளிக்கு உண்டு என்பதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர். அந்தச் சக்திக்குக் கோர்ட் குறுக்கே நிற்கலாகாது என்பது அவருடைய எண்ணம். ஐரோப்பாவில் பிரான்ஸ் வீழ்ந்து கொண்டிருந்த வாரங்கள் அவை. தேச ஒற்றுமை எல்லோருக்கும் பெரிதாகப் பட்டது.

நல்ல எண்ணத்தோடு எழுதிய அந்தத் தீர்ப்பை ஊர்க் கும்பல்கள் எப்படி வாசித்தன? கோர்ட்டே இவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டது என்று வாசித்தன. மெயின் மாகாணத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய ஜபக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். இல்லினாய் மாகாணத்தில் லிச்பீல்டில் ஊரார் கூட்டமாகத் திரண்டு வந்து அவர்களைத் தாக்கினார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்ற ஊரில் காவல் அதிகாரியே முன்னின்று அவர்களுக்கு விளக்கெண்ணெய் புகட்டினார். அந்த 1940-ஆம் வருஷத்தில் மாத்திரம் 335 ஊர்களில் சுமார் 1,500 பேர் தாக்கப்பட்டதாகச் சிவில் உரிமைச் சங்கத்தார் கணக்கெடுத்தார்கள். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அமைதி காக்கும்படி பகிரங்கமாக வேண்டிக் கொள்ளும்படி ஆயிற்று. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியா கல்வி போர்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1942 ஜனவரியில் ஒரு விதி செய்தது: வணங்காத பிள்ளை நீக்கப்படும், நீக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராதிருப்பது குற்றம், அந்தக் குற்றத்துக்காகத் தாய் தகப்பனுக்கு 50 டாலர் வரையில் அபராதமும் 30 நாள் வரையில் சிறையும் விதிக்கலாம்! வாசலைச் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று அடிக்கிற நியாயம் இது.

இந்த விதியை எதிர்த்து இன்னொரு குடும்பத்தின் இரு சிறுமிகள் சார்பில் வழக்கு வந்தது. மூன்றே வருஷத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14-ஆம் தேதி, அதாவது அந்நாட்டார் கொடி நாளாகக் கொண்டாடும் தினத்திலேயே, ஆறு நீதிபதிகள் குழந்தைகளின் பக்கம் சேர்ந்தார்கள். ஜாக்ஸன் என்பவர் தீர்ப்பை எழுதினார். அரசியலிலோ மதத்திலோ தேசாபிமானத்திலோ எது சரியான கொள்கை என்று வகுத்து, அதைப் பிரஜைகள் வாயால் சொல்லியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் பெரிய உத்தியோகஸ்தருக்கும் கிடையாது, சின்ன உத்தியோகஸ்தருக்கும் கிடையாது என்பது அவர் கண்ட முடிவு. நாடு மகாயுத்தத்தில் ஈடுபட்டிருந்தபோது சொன்னது இது என்பதை மறக்கக் கூடாது. பிராங்க்பர்ட்டர் கடைசி வரையில் ஒப்பவில்லை. தாமும் மிகுந்த இம்சைக்கு ஆளான ஒரு சமூகத்தைச் சேர்ந்தவரே என்று சொல்லிக்கொண்டே மாற்றுக் கருத்தை எழுதினார். அவருடைய வருத்தமும் போலியானது அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. அந்த இரு குடும்பங்களின் பெயர்களையும் கோர்ட்டுக் காகிதங்களில் எழுத்துப் பிழையோடு பதிந்துவிட்டார்கள். கோபிடாஸ் என்பது கோபிடிஸ் ஆயிற்று. பார்னெட் என்பதற்கு ஒரு வால் எழுத்து முளைத்தது. அந்தப் பிழையோடேயே அவர்கள் சரித்திரத்தில் நிலைத்து விட்டார்கள்.

*

"எல்லாம் சரி, மனச்சாட்சி என்று சொல்லிக்கொண்டு யார் எதைச் செய்தாலும் சர்க்கார் கைகட்டி நிற்க வேண்டுமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமது அரசியல் சாஸனத்தின் 25-வது ஷரத்து மனச்சாட்சி உரிமையை முதலிலும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையை அதன் பின்னும் வைத்து, இரண்டையும் பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்படுத்துகிறது. அதோடு நிற்கவில்லை, ஹிந்து ஆலயங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்றும் அதே ஷரத்து கூறுகிறது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரையில் வைத்தியநாதய்யர், காலங்காலமாக வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சகோதரர்களை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றபோது, எங்கள் மதம் போயிற்று என்று முறையிட்டவர்களும் மனச்சாட்சியின் பெயரால்தான் முறையிட்டார்கள். ராஜாஜியின் சர்க்கார் அந்த முறையீட்டைக் கேட்காமல், பிரவேசத்துக்குப் பாதுகாப்பாகச் சட்டம் செய்தார்கள். சரியாகவே செய்தார்கள். ஒருவன் தன் வாயை மூடிக்கொள்வது வேறு. இன்னொருவனுக்குக் கதவை மூடுவது வேறு. முன்னதைச் சர்க்கார் காக்க வேண்டும். பின்னதைத் தடுக்க வேண்டும். நடுவிலே சிக்கலான வழக்குகள் நூறு இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் நீதிபதிகள் சம்பளம் வாங்குகிறார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சமய சமரசம் நமது இரத்தத்திலேயே ஊறியது, சட்டம் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டுமா என்பார்கள். பெருமைப்பட இடம் இல்லாமல் இல்லை. அசோகன் தனது பன்னிரண்டாவது பாறைச் சாஸனத்தில் பிறருடைய சமயத்தைப் பழிக்காதிருக்கும்படி கல்லில் வெட்டி வைத்தான். மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியாகச் சென்று அவரவர் கொள்கையைப் பொறுமையுடன் கேட்டாள். (அந்த வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுவோம்.) ஆனால் சமணரைக் கழுவேற்றிய கதையையும் நம்மவர்களேதான் சிற்பத்திலும் சித்திரத்திலும் போற்றி வைத்தார்கள். அது நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டது நிஜம். பரம்பரைக் குணம் மாத்திரம் போதுமென்றால், 1950-இல் அதை ஷரத்தாக எழுதி வைக்க வேண்டிய அவசியம் என்ன? கிடங்கூரில் வருஷக் கணக்காக அந்தக் குணம் வேலை செய்தது. யாரும் குழந்தைகளைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி சட்டசபையில் எழுந்ததும் அது சிதறிப் போயிற்று. அப்புறம் கைகொடுத்தது எழுதி வைத்த ஷரத்துத்தான்.

1986-க்குப் பிறகும் இந்தச் சோதனை ஓயவில்லை. 2016 நவம்பர் 30-ஆம் தேதி, சினிமாக் கொட்டகைகளில் படம் ஆரம்பிக்கும் முன் தேசீய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கோவாவில் பனாஜி நகரத்துக் கொட்டகை ஒன்றில், முதுகுத்தண்டுக் காயத்தால் எழுந்து நிற்கவே இயலாத ஒருவர், நிற்கவில்லை என்று அடிக்கப்பட்டார். 2018 ஜனவரி 9-ஆம் தேதி கோர்ட் தன் உத்தரவைத் தளர்த்தி, கொட்டகையில் கீதம் ஒலிப்பது கட்டாயமில்லை என்றது. பாப்பரக் கோனை ஒரு கையிலும் தேசாபிமானத்தை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பதின்மூன்று மாதத்தில் நமது தேசாபிமானம் எவ்வளவு வளர்ந்தது என்று எந்த இலாகாவும் அளந்து சொல்லவில்லை.

*

மறுநாள் காலையில் தீர்ப்பின் சாராம்சத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போய்த் தேகப்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கோர்ட்டார் சொன்னால் சரிதான், நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எல்லைப்புறத்தில் பையன்கள் உயிரை விடுகிறார்கள், ஐயா. எனக்கு மனசு ஒப்பவில்லை" என்றார்.

அவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தவர். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தோன்றவில்லை. மனசு ஒப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லையே! பையனை அவர் தொடக்கூடாது என்பதுதான் சட்டம் கேட்டது. அவரும் அதன் பிறகு தொடவில்லை. இவ்வளவோடு நில்லாமல், மாணவர்களில் சிலர் பையனைக் கேலி செய்த ஒரு நாளில், அவரே ஊதுகுழலை ஊதி அவர்களை மைதானத்தைச் சுற்றி ஐந்து முறை ஓடவிட்டார். காரணம் கேட்டதற்கு, "வரிசை கலைந்தது" என்று மட்டும் சொன்னார்.

பையனிடம் நாமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவனை நிறுத்தி, "அன்றைக்கு உதட்டை அசைக்கச் சொன்னேனே, அது தப்பு" என்றோம். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு, "பரவாயில்லை, ஸார்" என்றான். உபாத்தியாயர் ஒருவர் மாணவனிடம் மன்னிப்புப் பெறுவது எவ்வளவு சுலபம் என்பது இருபது வருஷத்தில் நமக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அவன் பத்தாம் வகுப்பு. இரண்டாவது வரிசையில், கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்து, மற்றவர்களைவிட நேராகவே நிற்கிறான். கீதம் நடக்கும்போது அவனைப் பார்க்காதிருக்கப் பழகிக்கொண்டோம். கண்ணை மூடிக் கேட்கிறோம். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் வெளிப்பட்டது. மைதானத்திலேயே மிகவும் உரத்த, மிகவும் உணர்ச்சியுள்ள குரல் நமது தேகப்பயிற்சி ஆசிரியருடையது. அவர் தினந்தோறும் மாகாணங்களின் பெயர்களில் இரண்டை முன்பின்னாக மாற்றித்தான் பாடுகிறார். எத்தனை வருஷமாக என்று தெரியாது. நாம் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.